வீக்கம் இல்லாத கால்

பீரோவின் கீழ்த்தட்டில், உன் சேலைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது அந்த வாசனை வந்தது. வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும், ரப்பரும், பழைய வியர்வையும் கலந்த வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ கூடத்தில் எறியும் பையிலிருந்து தினமும் வந்ததுதான். பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். துவைத்துச் சுருட்டிய கிரேப் பேண்டேஜ்கள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கிகள், பாதி தீர்ந்த ஸ்ப்ரே எல்லாம் நீ வைத்தபடியே இருந்தன. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை வருமோ என்று பீரோவின் முன்னாலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றும்போது மனசு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அகலமான பேண்டேஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கூடத்தில் நம் மகள் தேஜு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் கோகோ பயிற்சியில் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது இடது கால் உள்பக்கமாக மடங்கிவிட்டதாம். கூட ஆடும் ரிஸ்வானாவின் அம்மாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

"நேரா ஆஸ்பத்திரி போலாம்னு சொன்னன் அண்ணா. வேணாம், ஊட்டுக்குப் போங்கன்னு ஒரே அடம். அடுத்த வாரம் டீம் செலக்‌ஷன் இருக்குது இல்ல, அதான் பயப்படறா போல" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கணுக்காலின் வெளிப்பக்கம் முட்டை வைத்தாற்போல எழும்பியிருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த ஐஸை நீ செய்வதைப் போலத் துண்டில் சுற்றி வைத்தேன். வைக்க விட்டாள். காலடியில் தலையணை கொடுத்தேன், காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாள். என் கையில் பேண்டேஜைப் பார்த்ததும் மட்டும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இழுத்த வலியில் முகம் சுருங்கியது.

"கட்டு வேணாம்."

"கட்டலன்னா வீக்கம் ஏறும் தேஜு. அம்மா சொல்வாங்க இல்ல?"

"வேணாம்னா வேணாம்ப்பா."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டோடு போனால் செலக்‌ஷனில் சேர்க்கமாட்டார்கள் என்று பயப்படுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். வற்புறுத்தவில்லை. பேண்டேஜை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் உன்னை முதன்முதலில் பார்த்ததே இப்படி ஒரு காலோடுதான். பெண் பார்க்க ஊத்தங்கரையிலிருந்து வாடகைக் காரில் அம்மா, பெரியம்மா, மாமா, நான் என்று வேப்பனப்பள்ளிக்கு வந்திருந்தோம். மாங்காய் அறுவடை நேரம். உங்கள் வீட்டு முன்னறையில் பாதி இடத்தைக் கூடைகள் அடைத்துக்கொண்டிருந்தன. பாயில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். நீ எதிரே கட்டிலில், இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கட்டுப் போட்ட உன் பாதம் எங்கள் எல்லார் முகத்துக்கும் மேலே இருந்தது.

என் அம்மாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. "என்னா இது, பெரியவங்க வந்து ஒக்காந்துக்கறோம், பொண்ணு கால நீட்டிக்கினு இருக்குது?" என்று பெரியம்மாவிடம் சொன்னது கூடை அடுக்கிக்கொண்டிருந்த ஆள் வரைக்கும் கேட்டது.

உன் அப்பா கையைப் பிசைந்தார். "காலேஜ் ஆட்டத்துல நேத்து கால் மடங்கிடுச்சிங்க. இன்னொரு நாள் வெச்சிக்கலாம்னு சொன்னன். இவதான் வரட்டும்னு சொல்லிட்டா."

"தொங்கப் போட்டா வீங்குங்க. கொஞ்ச நாளைக்கு கால் நெஞ்ச விட ஒசரத்துல இருக்கணும்" என்றாய் நீ. "தப்பா நெனைச்சிக்காதீங்க."

பெரியம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. எங்கள் தெருவில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் நீவி விடுவது அவள்தான். "இவ்ளோதானா? வெளக்கெண்ண கொண்டாங்க. ஒரே இழு, சரியாப் பூடும்" என்று எழுந்து வந்து உன் கட்டை விரலைப் பிடித்தாள்.

"லாகொத்து!" என்று நீ கத்தினாய்.

இழுக்காதே என்பதற்குத் தெலுங்கு என்று உன் அம்மா பிறகு சொன்னார். அந்த நேரத்தில் யாரும் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. பெரியம்மா கையை எடுத்துவிட்டாள். நீ மூச்சை இழுத்துவிட்டு, தமிழுக்கு வந்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாய்: "கோவிச்சிக்காதீங்கம்மா. எலும்பையும் எலும்பையும் பிடிச்சி வெக்கற ஜவ்வு கிழிஞ்சிருக்குது. கிழிஞ்ச துணிய இழுத்தா இன்னும்தான கிழியும்? எண்ண, சுடுதண்ணி, நீவறது எதுவும் இப்ப ஆகாதும்மா."

திரும்பி வரும் காரில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். கால் ஊனத்தைச் சுளுக்கு என்று சொல்லி ஏமாற்றுகிறார்களோ என்பது அவள் சந்தேகம். பெண் நடப்பதைப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது? கால் தேறியதும் இன்னொரு முறை வந்து நடந்து காட்டச் சொல்லிப் பார்ப்போம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பதில் எனக்குத்தான் வந்தது. எப்படியோ நம்பர் வாங்கிப் போன் செய்திருந்தாய். "நடந்து காட்டறதுக்கு நான் சந்தையில நிக்கற மாடு இல்லீங்க. வேணும்னா நீங்க வாங்க. சேந்து நடக்கலாம்."

வந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் நான் வேலை பார்த்த ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் மாந்தோப்பை ஒட்டிய மண்பாதையில் நடந்தோம். நீ கீழே பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தாய். வெட்கம் என்று நினைத்தேன். "கல்லு இருக்குது, அதான் பாத்து வெக்கறன். ஒரு தடவை மடங்குன கால் அதே எடத்துல திரும்பத் திரும்ப மடங்கும்" என்றாய். கல்யாணப் பேச்சு எதுவும் நாம் பேசவில்லை. ஊருக்குப் போய் அம்மாவிடம், "நடக்கறா. என்ன விட ஒழுங்கா நடக்கறா" என்றேன். அவ்வளவுதான்.

கல்யாணமாகி நீ ஓசூருக்கு வந்த புதிதில் என் கால் மடங்கியது உனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கு அது வேலைப் பிரச்சினை. அப்போது நான் காண்ட்ராக்டில் இருந்தேன். எங்கள் செக்‌ஷனில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். மெஷின் மேடையிலிருந்து இறங்கும்போது கூலன்ட் எண்ணெய் சிந்திய இடத்தில் கால் வைத்துவிட்டேன். ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே நின்று வேலை செய் என்று கூட இருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

நீ என்னைத் தரையில் படுக்கவைத்து, கணுக்கால் எலும்பின் இரண்டு பக்கமும் பின்விளிம்பில் விரலால் அழுத்திப் பார்த்தாய். எலும்பின்மேல் வலிக்கிறதா, அதற்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வலிக்கிறதா என்று கேட்டாய். எழுந்து சில அடி வைக்கச் சொன்னாய். வைத்தேன். "எலும்பு ஒடஞ்சிருந்தா அடி வெக்க முடியாது. இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றாய். எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை. ஊசி வேண்டும் என்று நான் கேட்டபோதுதான் கோபப்பட்டாய்.

"வலி போயிட்டா நீங்க நிப்பீங்க. நின்னா அது ஆறாது. வலி இருக்கட்டும். எங்க நிறுத்தணும்னு அதுதான் சொல்லும்."

விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலைச் சுற்றி, எட்டுப் போடுவதுபோல மேலே ஏற்றிக் கட்டினாய். கட்டி முடித்ததும் என் கட்டை விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாய். வெளுத்த நகம் மறுபடி சிவந்தது. சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம் என்றாய். "மரத்துப்போனா ஒடனே சொல்லணும். வலிக்கல, நல்லாதான் இருக்குதுன்னு சும்மா இருக்கக் கூடாது."

இரண்டு நாள் கழித்து நீயே என்னைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தாய். எங்கள் சூப்பர்வைசர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம்தான் அவருக்குப் பேச்சு. உனக்கு வேப்பனப்பள்ளியில் மூன்று பாஷையும் காதில் விழுந்து வளர்ந்த தைரியம். "கூத்கொண்டு மாடோ கெலச கொடி சார்" என்று நேராகக் கேட்டாய். உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று. நான் செக்யூரிட்டி அறை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தேன்.

"ஏனம்மா, நீவு டாக்டரா?" என்றார் அவர்.

"அல்ல சார். பி.டி. டீச்சர்."

விளையாட்டு டீச்சர் என்றதும் அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் கொடுத்தாரோ, நீ அங்கிருந்து நகரமாட்டாய் என்று தெரிந்து கொடுத்தாரோ, இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் கேஜ் வைத்து அளவு பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பிறகு பெர்மனென்ட் ஆனேன். இன்றைக்கும் அந்த டிபார்ட்மென்டில்தான் இருக்கிறேன்.

வீக்கம் வடிந்ததும் நீ என்னைச் சும்மா விடவில்லை. கட்டிலில் உட்காரவைத்து, கட்டை விரலால் காற்றில் எழுதச் சொன்னாய். நான் அ, ஆ எழுதினேன். ழ எழுதும்போது வலிக்கும். நீ எதிரே உட்கார்ந்து உன் காலால் தெலுங்கு எழுத்துகளை எழுதினாய். எனக்கு எல்லாம் ஒரே வட்டமாகத் தெரிந்தது. பிறகு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிறகு பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, அது பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. "கால் எப்படி நிக்குதுன்னு ஜவ்வுதான் மூளைக்கு சேதி அனுப்பும். கிழிஞ்சதுல அது மறந்துபூடுது. இத செய்யாதவங்களுக்குத்தான் மறுபடி மறுபடி மடங்குது" என்பாய். உனக்கே அப்படித்தான் ஆகியிருந்தது. கல்லூரிக் காலத்தில் ஆறுவதற்குள் ஆடி ஆடி, உன் வலது கணுக்கால் தளர்ந்துபோயிருந்தது. மைதானத்தில் அவ்வப்போது மடங்கும். நீ கோடு ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகளையே ஐஸ் வைக்கச் சொல்லி, கட்டச் சொல்லி, அதையே பாடமாக்கிவிடுவாய். கோகோ ஆடுகிற எல்லாப் பெண்களுக்கும் கட்டுக் கட்டத் தெரியும். உன் பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் தேஜுவுக்கும்.

அதனால்தான் அன்றைக்கு அப்படி ஆனது.

நான் முதல் ஷிப்டில் இருந்தேன். ஸ்போர்ட்ஸ் டே பயிற்சியில் டீச்சர் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கால் மடங்கியிருக்கும் என்றுதான் எண்ணினேன். கம்பெனி வண்டியில் போய் இறங்கியபோது, ஓசூர் ஆஸ்பத்திரியில் உன்னை ஸ்ட்ரெச்சரோடு மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, உடனே பெங்களூர் கொண்டுபோங்கள் என்றார்கள். உன் வலது காலில் ஷூ இல்லை. கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் கட்டியிருந்தது. கால்தான் மடங்கிவிட்டது என்று நினைத்து, பிள்ளைகள் ஐஸ் வைத்துக் கட்டிவிட்டார்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கூட வந்த டீச்சர் சொன்னார்.

ஆம்புலன்ஸில் எனக்கு உன் கால்மாட்டில்தான் இடம் இருந்தது. தலைப்பக்கம் ஒருவர் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்திப்பள்ளியில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. சைரன் அலறியும் வழி கிடைக்கச் சிறிது நேரமாயிற்று. நான் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். விரலடியில் தொடங்கி, குதிகாலைச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஒரே அளவாக, எங்கும் தொய்வில்லாத கட்டு. கொக்கியை வெளிப்பக்கமாகக் குத்தியிருந்தார்கள். யோசிக்காமலேயே உன் கட்டை விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன். மெதுவாகச் சிவந்தது. மறுபடி அழுத்தினேன். பெங்களூர் வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அங்கே போனதும் கத்தரிக்கோலால் கட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் நீ போய்விட்டாய். ஊருக்குக் கொண்டுவந்தோம், செய்ய வேண்டியதைச் செய்தோம். எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். காரியம் முடிந்ததும் ஷிப்டுக்குப் போனேன். அதிலிருந்து இன்றுவரை அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை தேஜுவின் கால் நீலம் பாய்ந்து, விரல்வரை வீங்கியிருந்தது. லீவு சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

"வண்டியில தொங்கப் போட்டுனு போனா இன்னும் வீங்கும். கொஞ்ச நேரத்துக்காவது கட்டிக்கயேன் தேஜு."

"வேணாம்ப்பா."

"செலக்‌ஷனுக்காகவா?"

இல்லை என்று தலையாட்டினாள். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் காலிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மாவுக்கு கட்டுனது நான்தாம்ப்பா."

நான் போனை மேசைமேல் வைத்தேன்.

"எல்லாரும் கால், கால்னு கத்துனாங்க. நான்தான் ஷூவக் கழட்டுனன். சாக்ஸக் கழட்டிப் பாத்தா கால் எப்பவும் போல இருக்குது. வீக்கமே இல்ல. கொஞ்சம்கூட இல்லப்பா. எனக்கு அது தெரிஞ்சிது. ஆனா வீக்கம் வர நேரமாகும்னு அம்மா சொல்லியிருக்காங்க இல்ல, அதனால கட்டிட்டன். அம்மா சொன்ன மாதிரியே விரல்லருந்து. கட்டி முடிச்சிட்டு, நல்லா கட்டியிருக்கனான்னு அம்மா மூஞ்சப் பாத்தன்."

வீங்கிய காலின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பதாம்ப்பா மூஞ்சப் பாத்தன். அதுவரைக்கும் பாக்கவே இல்ல."

இத்தனை மாதமாக இதை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள், சோறு தின்றிருக்கிறாள், என் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. நெஞ்சுக்குள் ஏதாவது எழுந்தால்தானே கை தானாக எழும்? பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கட்ட நான் பாத்தன் தேஜு. பெங்களூர் வரைக்கும் அதத்தான் பாத்துனு போனன்."

அவள் என்னைப் பார்த்தாள். "அவுந்துபூடுச்சா?"

"இல்ல. அவுரவே இல்ல. ரொம்ப நல்லா கட்டியிருந்த. யாரு கட்டுனாங்கன்னுதான் எனக்குத் தெரியாது."

"அத கட்டுன நேரத்துல வேற எதுனா செஞ்சிருந்தா?"

"வெடிச்ச அப்பவே எல்லாம் முடிஞ்சிபோச்சின்னு டாக்டர் சொன்னாரு. கிரவுண்டுல யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாதுன்னாரு. ஆம்புலன்ஸுக்கும் டீச்சர் ஒடனே போன் பண்ணிட்டாங்க."

"நீங்க எனக்காக சொல்றீங்க."

இல்லை என்றேன். நம்பவில்லை. ஆனாலும் காலை என் பக்கமாக நீட்டினாள். நான் கட்டினேன். என் கட்டு அவள் கட்டைப்போல வராது. ஒரு இடத்தில் தொய்ந்திருந்தது. அவளே அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டாள்.

எலும்பு டாக்டர் ஒரு பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். "எங்க வலிக்குது? ஒரே ஒரு விரலால காட்டு" என்றார். தேஜு வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினாள். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. வெளிப்பக்கத்து ஜவ்வு பாதி கிழிந்திருக்கும், ஆபரேஷன் எல்லாம் தேவையில்லை, வீக்கம் வடிந்ததும் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்றார். கட்டு யார் கட்டியது, நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். நான்தான் என்றாள். பிறகு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தலையில நரம்பு வெடிச்சி விழுந்தவங்களுக்கு, தெரியாம கால்ல ஐஸ் வெச்சிக் கட்டிட்டா, கால மேல தூக்கி வெச்சிட்டா, அதனாலயே செத்துப்போயிடுவாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையை அசைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைத் தேஜுவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருக்கு கட்டுன?"

"எங்கம்மாவுக்கு."

"விழுந்ததும் பேசுனாங்களா? கண்ணத் தொறந்தாங்களா?"

"இல்ல."

"அப்படின்னா ரொம்பப் பெருசா வெடிச்சிருக்குது. அந்த எடத்துல நானே இருந்திருந்தாலும் ஆம்புலன்ஸக் கூப்பிடறதத் தவிர எதுவும் செஞ்சிருக்க முடியாது. நீ கட்டுனதால எதுவும் மாறல. நெஜமாதாம்மா சொல்றேன். உன் மனசுக்காகச் சொல்லல."

தேஜு அங்கேயே அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளையில் அழுததைப் போல. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் இருந்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

செலக்‌ஷனுக்கு அவள் போகவில்லை. உன் இடத்துக்கு வந்த பி.டி. சாருக்குத் தானே போன் செய்து, "நடக்க முடியுது சார், ஆனா ஓடித் திரும்ப முடியாது. இந்த வருஷம் வேணாம்" என்றாள். அவள் இடத்தில் வேறொரு பெண் போனாள். ரிஸ்வானா தேர்வாகிவிட்டாள். ஆட்டத்தைப் பார்க்கத் தேஜு கம்பு ஊன்றிக்கொண்டு போய், கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தாள். வீட்டில் நீ சொன்ன பயிற்சிகளை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலால் தெலுங்கு எழுத்து எழுதும்போது, இது என்ன எழுத்து என்று நான் கேட்பேன். சொல்வாள். எனக்கு இப்போது நாலைந்து தெரியும்.

கடைசியாகக் காட்டப் போன அன்று டாக்டர் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். குதித்தாள். பக்கவாட்டில் தாவச் சொன்னார். தாவினாள். "இப்ப எங்க வலிக்குது, காட்டு" என்றதற்கு, கணுக்காலைச் சுற்றி விரல் வைத்துத் தேடிவிட்டு, "எங்கயும் இல்ல மேடம்" என்றாள். ஆடலாம் என்று சொல்லிவிட்டார்.

டவுன் பஸ்ஸில் திரும்பினோம். ஷிப்ட் விடுகிற நேரம். ராயக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. எங்கள் பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் இருந்த தேஜு திடீரென்று கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எங்க வலிக்குது?"

"எனக்கா? எனக்கு கால்ல ஒண்ணும் இல்லியே."

"கால கேக்கல. அம்மா போனதுலருந்து நீங்க அழவே இல்ல. எங்க வலிக்குது, விரலால காட்டுங்க."

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அதனால் நானும் கையைத் தூக்கினேன். நெஞ்சில் வைக்கலாம் என்று பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. தொண்டையில் இல்லை. தலையில் இல்லை. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியல தேஜு. எங்கயும் வலிக்கல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பயப்படவும் இல்லை. "சரி. வலிக்கறப்ப சொல்லுங்க" என்றாள். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை எழுதும் இந்தக் காலையிலும் வலிக்கவில்லை. இன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். சோறு வடித்துவிட்டேன், தேஜு மைதானத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வேலை செய்யும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள் கேட்ட கேள்வி கூடவே வருகிறது. அப்போதெல்லாம் எனக்குள் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் ஏதோ ஓரிடத்தில் சுருக்கென்று குத்தும். அன்றைக்கு முதலில் அவளிடம்தான் சொல்லுவேன். அப்புறம்தான் உனக்கு.